பன்னிரண்டு முறை பூஜ்யம்!



"கிரிக்கெட் இருக்கும்போது பேஸ்பால் எதுக்குப்பா?" என்று கேட்பீர்கள். எனக்கு அந்த ஆட்டத்தைவிட அதில் வரும் ஒரு வியாதியின் மேல்தான் ஈடுபாடு. பெயர் 'ஸ்லம்ப்'. நேற்றுவரை விளாசித் தள்ளியவனுக்குத் திடீரென்று ஹிட்டே விழாது. கை, கால், கண் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்!

1951-இல் வில்லி மேஸ் என்ற 20 வயது இளைஞருக்கு இது வந்தது. மினியாபொலிஸ் நகரின் சிறிய லீக் அணியில் 35 ஆட்டங்களில் அவர் சராசரி .477. அதாவது 100 வாய்ப்புக்குச் சுமார் 48 ஹிட். மே மாதம் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி அவரை மேலே அழைத்துக்கொண்டது. அங்கே முதல் 12 வாய்ப்பில் ஒரு ஹிட்கூட இல்லை. 13-ஆவதில் வாரன் ஸ்பான் என்ற பெரிய பிட்சரின் பந்தில் ஹோம் ரன்! அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மறுபடி பத்துக்கும் மேற்பட்ட வாய்ப்புகள் வெறுங்கையாகப் போயின.

பிட்சர் நிற்பது 60 அடி 6 அங்குலம் தள்ளி. மணிக்கு 90 மைல் வேகப் பந்து அரை நொடிக்குள் வந்துவிடும். அதற்குள் 'இதுவும் போச்சுன்னா?' என்று ஒரு நினைப்பு வந்தாலே போதும், பந்து தாண்டிப் போயிருக்கும்.

மேஸ் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து அழுதார். பழைய அணிக்கே திருப்பி அனுப்பச் சொன்னார். மேனேஜர் லியோ டுரோச்சர் கோபக்காரர் என்று பேரெடுத்தவர். அவர் அன்று திட்டவில்லை. தான் மேனேஜராக இருக்கும்வரை மேஸ்தான் தன் சென்டர் ஃபீல்டர் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான்!

அந்த சீசனை மேஸ் .274 சராசரி, 20 ஹோம் ரன்களோடு முடித்து, சிறந்த புதுமுகம் விருதும் வாங்கினார். 2024-இல் 93 வயதில் மறைந்தபோது அவர் கணக்கில் 660 ஹோம் ரன்கள்!

இப்போது நம்ம பாணியில் ஒரு கணக்கு. 10-க்கு 3 ஹிட் அடிப்பவன் நல்ல ஆட்டக்காரன். அவன் தொடர்ந்து 12 முறை தவற நிகழ்தகவு, 0.7-இன் 12-ஆம் அடுக்கு. கால்குலேட்டரில் போட்டால் சுமார் 0.014. சின்ன எண்தான். ஆனால் 500 வாய்ப்பு உள்ள சீசனில் எங்கேயாவது ஓரிடத்தில் அது வந்து நிற்பது சகஜம். நடுவில் வந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. முதலிலேயே வந்துவிட்டால், "இவன் தேறமாட்டான்" என்று முத்திரை!

நம்ம ஊரில் அந்த முத்திரைக்குப் பெயர் 'அரியர்'. என் அறை நண்பன் பத்தாம் வகுப்புக் கணக்கில் 92 வாங்கியவன். தமிழ் மீடியத்திலிருந்து வந்தவன். முதல் செமஸ்டரில் மூன்று அரியர். ரிசல்ட் வந்த அன்று ராத்திரி பெட்டியைக் கட்டிவிட்டான். "எனக்கு இதெல்லாம் ஒத்துவராதுடா, ஊருக்கே போயிடறேன்" என்றான். எப்படிப் படிக்கணும் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். நான் ஒன்றுதான் சொன்னேன்: "இந்தக் கட்டில் உன்னோடதுடா. நான் இங்க இருக்கிறவரைக்கும் வேற யாரும் இதுல படுக்க மாட்டாங்க."

இப்போது இரண்டை முடித்துவிட்டான். ஒன்று பாக்கி இருக்கிறது.

தம்பிகளே, உங்கள் அறையிலும் ஒருவன் பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கலாம். அறிவுரையை அப்புறம் சொல்லலாம். அவன் இடம் அவனுக்குத்தான் என்பதை முதலில் சொல்லுங்கள்!