மாடியிலிருந்து இறங்கிய பலகை

வளைகுடா நாட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்துத் திரும்பிய நமது பங்கு அன்பர் ஒருவர், புதுவீட்டின் வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஒருநாள் நம்மிடம் வந்தார். மாடியில் பன்னிரண்டடிக்குப் பத்தடி அளவில் ஓர் அறை குறிக்கப்பட்டிருந்தது. "பிள்ளைகள் விளையாட, சாமி. கைப்பேசியை விட்டால் அவர்களுக்கு வேறு உலகம் இல்லை" என்றார். அவ்வறையில் டேபிள் டென்னிஸ் மேசை போடுவது அவரது எண்ணம்.

குருமடத்தில் மாலைதோறும் அவ்வாட்டம் ஆடியவர்கள் நாம். ஆதலின் கருத்துரைக்கத் தயங்கவில்லை. மேசையின் நீளம் ஒன்பதடி, அகலம் ஐந்தடி. பன்னிரண்டடி அறையில் அதனைப் போட்டால் ஆடுவோர் நிற்க இருபுறமும் ஒன்றரை அடிதான் மிஞ்சும். கையை வீசினால் முழங்கை சுவரில் இடிக்கும். "கேரம் பலகை போதும், தம்பி" என்றோம். ஆடுதளம் 74 செ.மீ. சதுரமே, நால்வர் அமர எட்டடிச் சதுரம் தாராளம். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழுந்தால் கையின் நிழல் காயை மறைக்கும். ஆகவே பலகையின் நடுவுக்கு நேர்மேலே விளக்கைத் தொங்கவிடச் சொன்னோம். மழைக்காலத்தில் ஈரம் ஏறும் சுவரில் சாய்த்து வைத்தால் பலகை வளைந்துவிடும் என்றும், போரிக் பவுடர் வயிற்றுக்குள் போனால் நஞ்சு, கைக்குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவேண்டும் என்றும் எச்சரித்தோம். இவையெல்லாம் சரியே. ஒன்றில்தான் தவறினோம். "மாடியே நல்லது; கீழே போட்டால் சத்தம் தாங்காது" என்றவர்களும் நாமே.

வீட்டை மந்திரித்து எட்டு மாதங்கள் கழிந்தபின் ஒருநாள் மாலை அங்குச் சென்றிருந்தோம். மாடியில் மூத்த மகனும் அவன் தோழரும் ஆடிக்கொண்டிருந்தனர்; கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது. மகள் படிக்கட்டில் அமர்ந்திருந்தாள். "என்னைச் சேர்க்கமாட்டார்கள், சாமி" என்றாள். முழங்கால் வலியால் படியேற இயலாத பாட்டி, கீழே தனியே வாசலைப் பார்த்திருந்தார். வீட்டுக்காரர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "பன்னிரண்டு வருடம் இவனைப் படத்தில்தான் பார்த்தேன், சாமி. இப்போது ஒரே வீட்டிலிருந்தும் கதவைத் தட்டித்தான் பார்க்கவேண்டியிருக்கிறது."

அச்சொல் நம்மைச் சுட்டது. நாம் பிறந்த வீட்டில் விளையாட்டு அறை என்று ஒன்று இருந்ததில்லை. திண்ணையில் தாயக்கட்டம் கீறப்பட்டிருக்கும். கூடத்தில் பதினான்கு குழிப் பல்லாங்குழி கிடக்கும். தண்ணீர்க்குடத்தோடு போகிறவர்கூட நின்று, "அந்தக் காயை நகர்த்து" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். யாருக்கும் கதவு தட்டும் வேலையில்லை. இதனையெல்லாம் அறிந்திருந்தும், சத்தத்துக்கு அஞ்சி மாடியைக் காட்டிவிட்டோம்.

"குற்றம் நம்முடையது, தம்பி. பலகையைக் கீழே இறக்குங்கள்" என்றோம். கூடத்தில் போட இல்லத்தரசியார் இசையவில்லை. "வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள், சாமி?" அவர் கேட்டதிலும் நியாயமுண்டு, சோபாவுக்குத் தவணை இன்னும் முடிந்தபாடில்லை. இறுதியில் அடுக்களையை ஒட்டிய பின்தாழ்வாரத்தை அடைத்து, விளக்கொன்றைத் தொங்கவிட்டு, பலகையை அங்கு வைத்தார்கள். மகன் இரண்டு வாரம் முகங்கொடுத்துப் பேசவில்லை. மகளோ மறுநாளே ஸ்டிரைக்கரைக் கையில் எடுத்தாள். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் சென்னைப் பெண் காசிமா மூன்று தங்கம் வென்ற செய்தியை அவளுக்குச் சொன்னோம். அண்ணன் காதிலும் விழட்டும் என்று சற்று உரக்கவே சொன்னோம்.

சென்ற வாரம் மீண்டும் போயிருந்தோம். தந்தைக்கு ஆட்டம் வரவில்லை; விரலை எப்படி வளைக்கவேண்டும் என்று மகன் அவர் கையைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். தந்தையும் விரலை எளிதில் வளைப்பதாயில்லை. வாழ்நாளில் கேரம் ஆடியறியாத பாட்டி நாற்காலியிலிருந்து சட்டம் பேசினார்: "சிவப்பைப் போட்டால் மட்டும் ஆகிவிடுமா? அடுத்து உன் காய் ஒன்றும் விழவேண்டாமா?" நான்காவது ஆளாக நம்மையும் அமர்த்தினார்கள். நாம் அடித்த முதல் அடியிலேயே ஸ்டிரைக்கர் நேராகக் குழிக்குள் போய் விழுந்தது. அதிகமாகச் சிரித்தவர் பாட்டிதான்.