பழவேற்காடு - படகுத்துறையைத் தாண்டி கொஞ்சம்

சென்னையில் இருப்பவர்களிடம் "ஒரு நாளில் போய்விட்டு வர நல்ல இடம் எது?" என்று கேட்டால் மாமல்லபுரம் என்பார்கள். இல்லாவிட்டால் பாண்டிச்சேரி. வடக்குப் பக்கம் யாரும் கை காட்டுவதில்லை. அப்படியே ஒருவர் பழவேற்காடு என்று சொன்னாலும் கூடவே மூன்று சொற்கள்தான் வரும்: ஏரி, படகு, நண்டு.

ஞாயிற்றுக்கிழமை அங்கே வரும் கூட்டத்தைப் பார்த்தால் இது புரியும். வண்டி நேராகப் படகுத்துறைக்குப் போகிறது. படகு உண்டா என்று கேட்கிறார்கள். கரையில் நின்று பத்துப் படம் எடுக்கிறார்கள். நண்டும் இறாலும் பேரம் பேசி வாங்குகிறார்கள். இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். போகும் வழியில் ஒரு பேச்சு: "பறவையே இல்லப்பா, சும்மா தண்ணி!"

பாவம், அவர்கள் மேலும் தப்பில்லை. நானூறு வருடங்களுக்கு முன்னால் உலக வணிகத்தில் பெயர் வாங்கிய ஒரு ஊரின் வழியாகத்தான் அந்தப் படகுத்துறைக்குப் போய்வந்தோம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

முதலில் ஏரியைப் பற்றி இரண்டு வரி. கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் உவர்நீர் ஏரி இது. இந்தியாவில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தெற்கு ஓரத்தில் ஒரு சின்னத் துண்டுதான் தமிழ்நாட்டுக்கு. ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவே நீளமாகப் படுத்திருக்கும் மணல் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. ஆமாம், ராக்கெட் விடும் அதே ஸ்ரீஹரிகோட்டா! ஏவும் நாட்களில் பழவேற்காட்டு மீனவர்களுக்குக் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு வரும். ஊருக்கெல்லாம் பெருமை, இவர்களுக்கு மட்டும் அன்றைக்கு வருமானம் இல்லை.

இனி, படகுத்துறைக்குப் போகும் கூட்டம் தவறவிடும் இடங்கள்.

1. டச்சுக் கல்லறை

பழவேற்காட்டில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் பாருங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். வாசலிலேயே கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் வரவேற்கும். குழந்தைகள் கொஞ்சம் பயப்படலாம். "உள்ளே இருப்பவர்களும் ஒரு காலத்தில் உங்களைப் போல நடமாடியவர்கள்தான்" என்று அவை சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம்.

உள்ளே எழுபதுக்கும் மேற்பட்ட கல்லறைகள். கோபுரம் போல உயர்ந்தவை சில, தரையோடு படுத்த பெரிய பலகைக் கற்கள் பல. அந்தக் கற்களில் குடும்பச் சின்னங்களும் டச்சு எழுத்துகளும் இருக்கின்றன. மொழி தெரியாவிட்டாலும் வருடங்களைப் படிக்க முடியும். பிறந்த வருடத்தை இறந்த வருடத்திலிருந்து கழித்துப் பாருங்கள். பணம் சம்பாதிக்கக் கப்பல் ஏறி வந்தவர்களில் எத்தனை பேர் ஊர் திரும்பவில்லை என்பது தானாகப் புரியும்.

2. கோட்டை இருந்த இடம்

கல்லறைக்குப் பக்கத்திலேயே சீமைக் கருவேல முட்காடு ஒன்று உண்டு. ஊர்க்காரர் ஒருவரிடம் கோட்டை எங்கே என்று கேட்டால் கையை அந்தப் பக்கம் நீட்டுவார். கேட்டவர் திரும்பத் திரும்பப் பார்ப்பார். காடுதான் தெரியும். "அதுதாங்க கோட்டை" என்பார் அவர்.

1610ல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி வாங்கி டச்சுக்காரர்கள் இங்கே கடை விரித்தார்கள். சாந்தோமில் இருந்த போர்த்துக்கீசியர் 1612ல் வந்து அதை அழித்தார்கள். உடனே, 1613ல், டச்சுக்காரர்கள் கோட்டையே கட்டிவிட்டார்கள். பெயர் கெல்ட்ரியா. நெதர்லாந்தின் கெல்டர்லாந்து மாகாணத்தின் நினைவாக வைத்தது. சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டைக்கு இடம் கிடைத்ததே 1639ல்தான். அதாவது பழவேற்காட்டில் கோட்டை எழுந்தபோது 'மெட்ராஸ்' என்ற ஊருக்குக் கணக்கே தொடங்கவில்லை!

1690ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் இதுதான். இங்கே நாணயம் அடித்தார்கள், வெடிமருந்து செய்தார்கள். இன்னொன்றையும் செய்தார்கள், அதை மறைக்கக் கூடாது. பஞ்ச காலங்களில் பசியால் விற்கப்பட்ட மனிதர்களை வாங்கி, அடிமைகளாகப் பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றினார்கள். கல்லறையில் டச்சுக்காரர்களுக்குப் பெயர் செதுக்கிய கல் இருக்கிறது. அந்தக் கப்பலில் போனவர்களுக்கு எந்தக் கல்லும் இல்லை. முட்காட்டின் முன்னால் நிற்கும்போது அவர்களையும் ஒரு நிமிடம் நினைக்கலாம்.

கோட்டையை 1806ல் ஆங்கிலேயர்கள் இடித்தார்கள். 1825ல் ஊரே அவர்கள் கைக்குப் போனது. இப்போது மிச்சம் அகழியின் தடமும், முள்ளுக்குள் புதைந்த மேடுகளும்தான். செருப்பில்லாமல் போக வேண்டாம், உள்ளே நுழையவும் வேண்டாம். வெளியே நின்று பார்த்தால் போதும்.

3. நிழல் பார்த்து நேரம் சொல்லும் பள்ளிவாசல்

கடல் வணிகம் செய்த மரைக்காயர்கள் பல தலைமுறைகளாக வாழும் ஊர் இது. பெரிய பள்ளிவாசல், சின்னப் பள்ளிவாசல் என்று இரண்டு உண்டு. சின்னப் பள்ளிவாசலில் ஒரு நிழல் கடிகாரம் இருக்கிறது. பாட்டரி வேண்டாம், சாவி கொடுக்க வேண்டாம், சூரியன் இருந்தால் போதும்.

இது அலங்காரத்துக்கு வைத்தது இல்லை. சூரியன் உச்சியைத் தாண்டியதும் லுஹர் தொழுகைக்கான நேரம் தொடங்கும். நிழல் குறிப்பிட்ட அளவு நீண்டதும் அஸர் நேரம். எனவே கைக்கடிகாரம் எல்லோரிடமும் இல்லாத காலத்தில் தொழுகை நேரம் அறிய நிழலை அளப்பதே நேரான வழி. அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள், தொழுகை நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாராவது ஒரு பெரியவர் அதைப் படிக்கும் முறையைக் காட்டக்கூடும்.

4. செம்பூரான்கல் கோயிலும் மாதா கோயிலும்

ஆதிநாராயணப் பெருமாள் கோயிலைக் கட்டியிருப்பது செம்பூரான்கல்லில். கருங்கல் கோயில்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தச் சிவப்பே புதுசாக இருக்கும். ராமாயணக் காட்சிகளைச் சின்னச் சின்னச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். அவசரமாகப் போனால் ஒன்றும் தெரியாது. நின்று, குனிந்து, தேடிப் பார்க்க வேண்டிய சிற்பங்கள்.

மகிமை மாதா ஆலயத்தின் தொடக்கத்தை 1515 என்று சொல்கிறார்கள். டச்சுக்காரர்களுக்கு முன்பே வந்துவிட்ட போர்த்துக்கீசியரின் அடையாளம் அது. பெருமாள் கோயில், பள்ளிவாசல், மாதா கோயில், டச்சுக் கல்லறை எல்லாம் ஒரே காலை நேரத்தில் நடந்தே பார்க்கும் தூரத்தில் ஒரு சின்ன மீனவ ஊரில் இருக்கின்றன.

5. கண்ணுக்குத் தெரியாத ஒரு இடம்: பாடு

இது கட்டடம் இல்லை, ஒரு முறை. ஆனாலும் பட்டியலில் சேர்க்காமல் இருக்க முடியவில்லை.

ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. முகத்துவாரத்தை ஒட்டிய சில இடங்களில்தான் நல்ல வரத்து. அந்த இடங்களை யார் எடுப்பது? பலசாலியா, பணக்காரனா? இரண்டும் இல்லை. சில மீனவக் கிராமங்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டு, இன்றைக்கு இவர்கள், நாளைக்கு அவர்கள் என்று மாறி மாறி வலை கட்டுகின்றன. இதன் பெயர்தான் பாடு. இதே பெயரில் இதே மாதிரி ஒரு முறை இலங்கையின் நீர்கொழும்பு ஏரியிலும் உண்டு.

பொதுச்சொத்து என்றால் எல்லோரும் சேர்ந்து அழித்துவிடுவார்கள் என்று பொருளாதாரப் பாடத்தில் ஒரு அத்தியாயம் வரும். அப்படி அழிய வேண்டிய கட்டாயம் இல்லை, மக்களே விதி வகுத்துக் காப்பாற்ற முடியும் என்று காட்டியதற்காக 2009ல் எலினோர் ஆஸ்ட்ரம் நோபல் பரிசு பெற்றார். அவர் சொன்னதற்கு ஒரு உதாரணம், சென்னையிலிருந்து 60 கிலோமீட்டர் தூரத்தில் தண்ணீரில் நிற்கிறது. குறையே இல்லாத முறை என்று சொல்லிவிட முடியாது. பாடு உரிமை பரம்பரையாக வருவது. அது இல்லாத மற்ற மீனவர்கள் வெளியே நிற்கிறார்கள், அதனால் சண்டையும் வந்திருக்கிறது. ஆனாலும் பங்கு பிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்கள் இதைப் பார்த்து மரியாதை தராமல் இருக்க மாட்டார்கள்.

6. ஊர் பெயரில் ஒரு துணி, ஊர்ப் பெண்கள் கையில் ஒரு கூடை

மலேசியாவில் ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட கைலிக்கு 'பெலிக்காட்' என்று பெயர். ஆங்கிலேயர் வாயில் 'புலிக்காட்' ஆன அதே பழவேற்காடுதான் அது! டச்சுக்காரர்கள் இங்கே வந்ததே துணிக்காகத்தான். சோழமண்டலத் துணியைக் கொடுத்தால்தான் கிழக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் கிடைக்கும். எலும்புக்கூடு காவல் காக்கும் அந்தக் கல்லறைகளுக்கும் கோட்டைக்கும் செலவான பணம் இந்தப் பக்கத்து நெசவாளிகளின் தறியிலிருந்து வந்தது.

துணியின் காலம் போய்விட்டது. இன்று கைவேலை என்றால் பனையோலை. ஓலைக்குச் சாயம் ஏற்றி, பெட்டியும் கூடையும் முடைகிறார்கள் ஊர்ப் பெண்கள். பார்க்க அழகு, உழைக்கவும் உழைக்கும். பேரம் பேசாமல் ஒன்று வாங்குங்கள். நண்டுக்குப் பேசிய பேரம் போதும்.

7. அண்ணாமலைச்சேரி

பூநாரை பார்க்க வேண்டும் என்பவர்கள் ஏரியின் மேற்குக் கரையில் இருக்கும் இந்தக் கிராமத்துக்குப் போகலாம். பனிக்காலம்தான் சரியான காலம். அதிகாலையில் போக வேண்டும், பத்து மணிக்கு எழுந்து போய்விட்டுப் பறவை இல்லை என்று சொல்லக் கூடாது. பூநாரை ஆழமில்லாத நீரில் தலையைத் தலைகீழாக முக்கி, சேற்று நீரை அலகால் வடிகட்டிச் சாப்பிடும். படகை அருகே விரட்டினால் கூட்டமாகப் பறக்கும், படமும் நன்றாக வரும். ஆனால் அந்தப் படத்துக்காக அதன் காலைச் சாப்பாடு போய்விடும். கரையில் நின்றே பாருங்கள்.

*

இவ்வளவும் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு.

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். ஞாயிற்றுக்கிழமை வேறு. உல்லாசப் பயணம் வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு பழவேற்காட்டில் கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது. ஆனால் வருகிறவர்களுக்கு அந்த ஊரில் படகைத் தவிர வேறு எதுவும் தெரியாததால், "கொஞ்ச தூரம் போய் வரலாமா அண்ணா?" என்ற கேள்வி மட்டும் நிற்கவில்லை. கேட்பவருக்கு அது ஒரு மணி நேர சந்தோஷம். மீன் கிடைக்காத நாளில் கேட்கப்படுகிறவருக்கு அது அன்றைய அரிசி. "முடியாது" என்று சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஊரில் பார்க்க ஒரே ஒரு பொருள்தான் உண்டு என்றால் அதன் மேல்தான் எல்லா பாரமும் விழும். வணிகம் படிப்பவர்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லித் தருவதுதான், எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்காதே என்று. வருகிறவர்கள் கல்லறையையும் கோயிலையும் பள்ளிவாசலையும் நடந்து பார்த்தால், இரண்டு மணி நேரம் முழு நாளாகும். முழு நாள் என்றால் மதியச் சாப்பாடு உண்டு, டீ உண்டு, ஆட்டோ உண்டு, ஓலைக்கூடை உண்டு. அனுமதியில்லாத படகில் யாரும் ஏற வேண்டியதும் இல்லை, யாரும் ஏற்ற வேண்டியதும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. முகத்துவாரம் மணலால் மூடிக்கொள்வது, பக்கத்துக் காட்டுப்பள்ளியில் துறைமுகத்தைப் பெரிதாக்கும் திட்டம் என்று மீனவர்களுக்குக் கவலைகள் நிறைய. "அங்கே என்ன இருக்கிறது, சும்மா தண்ணி" என்று நினைப்பவர்கள் அந்த ஏரிக்காக ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். பார்த்தவர்கள் பேசுவார்கள்.

போகும் வழி ரொம்ப சுலபம். சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயிலில் ஏறி பொன்னேரியில் இறங்குங்கள். அங்கிருந்து பஸ். தொப்பி, தண்ணீர் பாட்டில், தேய்ந்து போகாத ஒரு செருப்பு, இவை போதும்.

போய் இறங்கியதும் எல்லோரும் படகுத்துறைக்கு நடப்பார்கள். நீங்கள் மட்டும் முதலில் கல்லறைக்கு வழி கேளுங்கள். ஏரி எங்கேயும் போய்விடாது, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்.