உப்புக் காற்றும் ஒரு மரக்குச்சியும்

தங்கையின் ஆவணிக் கலியாணத்துக்கு ரொறன்ரோவில் இருந்து வந்த நண்பரின் கையில் ஒரு ரோலெக்ஸ் சப்மரீனர். கலியாண வீட்டு எண்ணெய், சந்தனம், விபூதி, எல்லாவற்றுக்கும் மேலாகக் கொழும்பின் வியர்வை. ஒரு மாதம் போவதற்குள் சங்கிலிக் கண்ணிகளின் இடுக்கெல்லாம் கறுத்துவிட்டது. கழற்றினால் மணிக்கட்டில் சாம்பல் நிற வளையம். இதை வீட்டிலேயே கழுவலாமா, கழுவினால் கெட்டுவிடுமா என்று அவருக்கு ஒரே தவிப்பு. அந்தக் கேள்வியோடு வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த ஒரு மணிக்கூட்டுத் திருத்துநரிடம் போனோம். தனக்குத் தொழிலைக் கற்றுத்தந்த குரு கொட்டாஞ்சேனையில் இன்னும் இருக்கிறார் என்று சொல்லி, பிறகு என்னை அங்கே அனுப்பிவைத்தவரும் அவர்தான்.

வெள்ளவத்தையில் காலி வீதியில் இருந்து கடற்பக்க ஒழுங்கை எதற்குள் இறங்கினாலும் ரயில் பாதையும் கடலும்தான். ஜன்னல் கம்பி, குளிரூட்டியின் வெளிப்பெட்டி, மோட்டார் சைக்கிள் கைபிடி, எதுவும் இங்கே உப்புக்குத் தப்புவதில்லை. துருப்பிடிக்காத எஃகும் முழுக்கத் தப்புவதில்லை. அந்த எஃகைக் காப்பது மேலே இருக்கும் மெல்லிய குரோமியம் ஒட்சைட்டுப் படலம். கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டால் அது தானாகவே திரும்ப உருவாகிவிடும். காற்றுப் புகாத இடுக்கில் உப்பு ஈரம் தேங்கினால் குளோரைட்டு அந்தப் படலத்தைத் துளைத்து ஊசிமுனைக் குழிகளைப் போட்டுவிடும். ரோலெக்ஸின் 904எல் ரக எஃகு, மற்ற நிறுவனங்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் 316எல்லை விட இதைத் தாங்கும். ஆனாலும் கண்ணிகளுக்குள் போன மணலும் அழுக்கும் வியர்வையில் குழைந்து ஊசிகளை அராவிக்கொண்டே இருக்கும். பழைய சங்கிலிகள் தொய்ந்து தொங்குவது இதனால்தான்.

திருத்துநரின் இடம் கைத்தொலைபேசிக் கடை ஒன்றின் வாசலில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால். நண்பர் நீட்டிய மணிக்கூட்டை வாங்கியதும் அழுக்கைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் திருகும் சாவியைத்தான் விரலால் தொட்டுப் பார்த்தார்.

“தண்ணிக்குப் பயமில்லை தம்பி. சாவி முழுக்கப் பூட்டியிருக்கோ எண்டதுதான் பயம். இதை எப்ப கடைசியாத் திறந்தது?”

நண்பருக்கு நினைவில்லை. எட்டு வருடத்துக்கு மேல் இருக்கும் என்றார்.

“அப்ப முதல்ல அமுக்கம் பாப்பம். பிறகு கழுவலாம்.”

உருளை வடிவில் ஒரு சின்னக் கருவி. பாதிக்குத் தண்ணீர், மேலே காற்று. மணிக்கூட்டைத் தண்ணீருக்கு மேலே காற்றில் தொங்கவிட்டு, பம்பினால் அமுக்கத்தை ஏற்றினார். கொஞ்ச நேரம் விட்டுத் தண்ணீருக்குள் இறக்கி, அமுக்கத்தை மெல்ல மெல்லக் குறைத்தார். எங்காவது ஓட்டை இருந்தால் முதலில் உள்ளே புகுந்த காற்று இப்போது குமிழியாக வெளியே வரும். குமிழி கண்ட நொடியே மேலே தூக்கிவிட வேண்டும். தாமதித்தால் அதே வழியால் தண்ணீர் உள்ளே போய்விடும். குமிழி வரவில்லை. நண்பர் மூச்சு விட்டார்.

கழுவியது சில நிமிட வேலை. கிண்ணத்தில் இளஞ்சூட்டுக்கும் குறைந்த தண்ணீர், அதில் ஒரு சொட்டுக் குழந்தைச் சவர்க்காரம். சிறுபிள்ளைகளின் மென்மையான பல் துலக்கும் பிரஷ். சங்கிலியை விரலில் வளைத்து, கண்ணிகள் விரியும் பக்கமாகத் தேய்த்தார். வெளி வளையத்தின் பற்களுக்கு இடையே, கொழுவியின் உட்பக்கம், முதுகு மூடியின் ஓரம். பிறகு வேறு கிண்ணத்தில் நல்ல தண்ணீர், நூல் உதிராத துணி, கடைசியில் ரப்பர் ஊதுகுழலால் இடுக்குகளில் காற்று. குழாயை வேகமாகத் திறந்து அதன் கீழே பிடிக்கவே கூடாது என்றார்.

மணிக்கூட்டின் முகத்தில் 30 மீற்றர் என்று எழுதியிருந்தால் 30 மீற்றர் ஆழம் வரை போகலாம் என்று நம்புகிறவர்கள் நம்மில் அநேகர். அந்த எண் அசையாத தண்ணீரின் அமுக்கத்தை வைத்துச் சொல்லப்படுவது. கைகழுவும்போது தெறிக்கும் நீரையும் மழைத்தூறலையும் தாங்கும், அவ்வளவுதான். அதுவும் புதிதாக இருக்கும்போது. உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் வருடங்கள் போகக் காய்ந்து இறுகிவிடும். சவர்க்காரம் வேறு தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடுவதால், வெறும் தண்ணீர் புகாத விரிசலுக்குள் சவர்க்காரத் தண்ணீர் புகும். சுடுதண்ணீர் இன்னும் மோசம். சூட்டில் விரிந்த உள்காற்று ஆறும்போது சுருங்கி, வெளியே இருக்கும் ஈரத்தை உறிஞ்சி இழுக்கும். கையில் மணிக்கூட்டோடு சுடுநீரில் குளிக்கிறவர்களுக்கு ஒருநாள் கண்ணாடிக்கு உள்ளே பனி படரும்.

1926ஆம் ஆண்டு ரோலெக்ஸ் தண்ணீர் புகாத தன் ஒயிஸ்டர் கூட்டை அறிமுகம் செய்தது. அடுத்த ஆண்டு ஒக்டோபரில் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற நீச்சல்காரி ஆங்கிலக் கால்வாயில் இறங்கியபோது அந்த மணிக்கூட்டைக் கழுத்தில் மாட்டியிருந்தார். குளிர் தாங்காமல் பத்து மணித்தியாலத்துக்குப் பிறகு அவரைப் படகில் ஏற்ற வேண்டி வந்தது. மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. அதைக் காத்தவை திருகிப் பூட்டும் முதுகு மூடியும் திருகிப் பூட்டும் சாவியும். அந்தச் சாவி அரைச்சுற்றுத் தளர்ந்திருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் பயனில்லை.

செய்யக்கூடாதவை என்று திருத்துநர் சொன்னவற்றில் பற்பசை முதலில் வந்தது. பழைய பிளாஸ்ரிக் கண்ணாடியின் மெல்லிய கீறலை அது மழுக்கும் என்பது உண்மை; அந்தப் பழக்கத்தில் இப்போதைய நீலக்கல் கண்ணாடியிலும் பளபளப்பான எஃகிலும் தேய்த்தால், கண்ணாடியின் பூச்சு கீறல்படும், எஃகு மங்கும். தோல் பட்டிக்குத் தண்ணீரே ஆகாது. டெங்குக் காலத்தில் நாங்கள் பூசும் நுளம்பு விரட்டியைப் பற்றி அவர் சொன்னது எனக்குப் புதிது. அதில் உள்ள டீட் என்னும் பொருள் சில வகைப் பிளாஸ்ரிக்குகளைக் கரைக்கும். பூசிய கையோடு பிளாஸ்ரிக் கண்ணாடியைத் தொட்டால் கைரேகை அப்படியே பதிந்துவிடுமாம். பூசி, கையைக் கழுவி, பிறகுதான் மணிக்கூட்டைக் கட்ட வேண்டும்.

கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிப் பக்கம், மாடியில் ஒரு சிறிய அறையில் குரு இருந்தார். அறுபதைத் தாண்டியவர். நான் போனபோது ஒரு சீக்கோ 5 முழுவதுமாகப் பிரிந்து, தட்டுத் தட்டாகக் கண்ணாடிக் கிண்ணங்களுக்குக் கீழே கிடந்தது. எந்தச் சில்லு எதன்மேல் என்பதை நான் பின்தொடரவில்லை. என் கண் முழுக்க அவர் கையில் இருந்த மரக்குச்சியில். பல் குத்தும் குச்சியை விடக் கொஞ்சம் தடித்தது. கத்தியால் அதன் முனையைச் சீவி, சில்லின் அச்சு உட்காரும் சிவப்புக் கல்லின் துளைக்குள் விட்டுச் சுழற்றினார். வெளியே எடுத்தால் முனையில் காய்ந்த எண்ணெயின் கறுப்பு. திரும்பச் சீவினார், திரும்பச் சுழற்றினார். முனை வெள்ளையாக வரும்வரை இதுதான் வேலை. மணித்தியாலத்துக்கு 21,600 தரம் அசையும் சக்கரம் இந்தத் துளைகளை நம்பித்தான் இருக்கிறது. துளையில் ஒரு தூசு கிடந்தாலும் நேரத்தில் தெரியும்.

“மெசின் எல்லாம் வந்திட்டுது. கழுவித் தரும். கல்லு சுத்தமோ எண்டு இந்தக் குச்சிதான் சொல்லும்.”

வீட்டில் பாவிக்கவும் மரக்குச்சிதான் நல்லது என்றார். கண்ணிகளுக்குள் கல்லாக இறுகிய அழுக்கை ஊசியாலோ கத்திமுனையாலோ கிளறினால் கீறல் விழும். மரம் எஃகை விட மென்மையானது.

1983இல் அவர் வெள்ளவத்தைக் கடை ஒன்றில் தொழில் பழகிக்கொண்டிருந்த பெடியன். ஜூலை 25ஆம் திகதி, தமிழருக்கு எதிரான கலவரத்தில், கடை எரிந்தது. திருத்தக் கொடுத்து லாச்சிகளில் கிடந்த மணிக்கூடுகளும் கடையோடு போயின. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாம், அங்கிருந்து லங்கா கல்யாணிக் கப்பலில் காங்கேசன்துறை. பல வருடம் கழித்துத் திரும்பிவந்து கொட்டாஞ்சேனையில் மேசை போட்டபோது, பழைய ரசீதுத் துண்டோடு ஆட்கள் தேடி வந்தார்களாம். தமிழரும் வந்தார்கள், சிங்களவரும் வந்தார்கள்.

“துண்டு அவையிட்ட இருந்தது. மணிக்கூடு என்னட்ட இல்லை. காசு குடுக்க வழியுமில்லை. வேற மணிக்கூடு கொண்டுவாங்கோ, சும்மா செய்து தாறன் எண்டன்.”

கடை அவருடையது இல்லை. முதலாளி நாட்டை விட்டுப் போய்விட்டார். அந்தக் கடனை ஏன் தலையில் போட்டீர்கள் ஐயா என்று கேட்டேன். வாங்கி லாச்சியில் வைத்தது தன் கை என்றார்.

சில்லுகளைக் கழுவ அவர் பழைய ஆட்களைப் போலப் பெற்றோலும் பாவித்தவர். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் அதுவும் முட்டுப்பட்டது. போத்தலிலும் கலனிலும் பெற்றோல் கொடுப்பதை நிறுத்தினார்கள்; கியூஆர் பங்கீடு வந்தபோது அது வாகனம் வைத்திருப்பவர்களுக்கு. வாகனம் இல்லாத ஒரு தொழிலாளிக்கு ஒரு கிண்ணம் பெற்றோல் கிடைக்கவில்லை. அதே மாதங்களில் டொலர் 200 ரூபாவில் இருந்து 360ஐத் தாண்டியது. வெளியில் இருந்து வரும் ஒரு ரப்பர் வளையத்தின் விலையும் அதோடு சேர்ந்து ஏறியது.

பணம் இருந்தாலும் பாகம் கிடைக்க வேண்டுமே. பெரிய சுவிஸ் நிறுவனங்கள் பல, தங்கள் உதிரிப்பாகங்களைத் தாங்கள் அங்கீகரித்த திருத்தகங்களுக்கு மட்டுமே கொடுக்கின்றன. இதை எதிர்த்து ஐரோப்பாவின் சுயாதீனத் திருத்துநர்களின் கூட்டமைப்பு 2004இல் ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் முறையிட்டது. ஆணைக்குழு தள்ளியது, 2010இல் நீதிமன்றம் அந்த முடிவை இரத்துச் செய்தது, 2014இல் ஆணைக்குழு மறுபடி தள்ளியது, 2017இல் நீதிமன்றம் அதற்குச் சரி சொல்லிவிட்டது. ஐரோப்பாவில் சங்கம் வைத்து வழக்காட முடிந்தவர்களுக்கே இந்த முடிவு என்றால், கொட்டாஞ்சேனை மாடியில் இருப்பவருக்கு யார் பேசுவது? ஒரு பாகத்துக்காகச் செத்த மணிக்கூடு ஒன்றை முழு விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது. அதை விற்கிற தரகன் கையில் அழுக்குப் படாமல் சம்பாதிக்கிறான். நாற்பது வருடம் கண்ணைக் கொடுத்தவர் கூலியில் அந்த நட்டத்தைத் தாங்குகிறார். பொருளை விலைக்கு வாங்கியவன் தனக்கு நம்பிக்கையான கையில் அதைத் திருத்தக்கூடாது என்பது அநியாயம். தரத்தைக் காக்கிறோம் என்று அதற்கு எந்த நிறுவனம் காரணம் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன்.

நான் இருக்கும்போதே ஓர் இளைஞர் தன் பாட்டனாரின் பழைய மணிக்கூட்டோடு மாடியேறி வந்தார். முள்ளிலும் எண்களிலும் பழுப்பு நிறத்தில் பொருமிய பூச்சு. இருட்டில் ஒளிர்வதில்லை, திறந்து துடைத்துத் தரமுடியுமா என்று கேட்டார். குரு திறக்க மறுத்துவிட்டார். 1960கள் வரை ஒளிர்வதற்கு ரேடியம் பூசினார்கள். ஒளிரும் துத்தநாகச் சல்பைட்டுத்தான் செத்துப்போனது. ரேடியத்தின் பாதி தேயவே 1,600 வருடம் செல்லும். மூடிக் கிடக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. சுரண்டி எழும்பும் தூள் சுவாசத்தோடு உள்ளே போனால்தான் கேடு. வெளியால் ஈரத்துணியால் துடைக்கலாம், வெடித்த கண்ணாடி என்றால் அதுவும் வேண்டாம் என்றார். தலைமாட்டில் வைக்காமல் அலுமாரியில் வைக்கச் சொன்னார். கூலி வாங்கவில்லை.