மான்டெவெர்டே: மாட்டுக்காரர்கள் காத்த மழைக்காடு

கோஸ்டா ரிகாவின் திலரான் மலைத்தொடரில், சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மான்டெவெர்டே. கரீபியக் கடல் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று மலையேறி மேகமாகிக் காட்டுக்குள்ளேயே புகுந்துவிடும். மழை இல்லாத நாளிலும் மரங்கள் சொட்டிக்கொண்டிருக்கும்.

ஊரை உண்டாக்கியவர்கள் பால்மாட்டுக்காரர்கள். அமெரிக்காவின் அலபாமாவில், கட்டாய ராணுவப் பதிவுக்கு மறுத்து, போரை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவான குவேக்கர்களில் நான்கு இளைஞர்கள் சிறை சென்றார்கள். அவர்களும் சில குடும்பங்களும், 1948இல் ராணுவத்தையே கலைத்துவிட்ட கோஸ்டா ரிகாவுக்கு வந்து 1951இல் இங்கே குடியேறினார்கள். ரோடு மோசம், பால் சந்தைக்குப் போவதற்குள் கெட்டுவிடும். அதனால் சீஸ் செய்தார்கள். மேய்ச்சலுக்குக் காடும் வெட்டினார்கள். ஆனால் ஓடைகள் பிறக்கும் மேல்காட்டை, வாங்கிய நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை, தொடவில்லை. தண்ணீர் வேண்டுமே! காட்டைக் காக்க இதைவிட உறுதியான காரணம் எனக்குத் தெரியவில்லை.

1972இல் அங்கே காப்புக்காடு உருவானது. 1987இல் ஸ்வீடனின் ஒரு கிராமப் பள்ளிப் பிள்ளைகள் காசு சேர்த்து இங்கே காடு வாங்கத் தொடங்க, பல நாட்டுச் சிறுவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ‘குழந்தைகளின் நிரந்தர மழைக்காடு’ இன்று 22,000 ஹெக்டேருக்கும் மேல். ஆனாலும் வேலி எல்லாவற்றையும் காக்காது. இம்மலையில் மட்டுமே வாழ்ந்த பொன் தேரையை 1989க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

அந்தக் காட்டைக் கிட்டத்தில் காட்டுவது, 1991இல் தொடங்கிய பட்டாம்பூச்சித் தோட்டம். நீல மார்ஃபோ பறக்கும்போது எல்லாரும் போனைத் தூக்குவார்கள். உட்கார்ந்து இறக்கையை மூடியதும் வெறும் பழுப்பு. ஆந்தைக் கண் வரைந்த பெரிய பூச்சிகளுக்குப் பூவே வேண்டாம். அழுகிய வாழைப்பழத்தை உறிஞ்சிக்கொண்டு கிடக்கும்.

என் கண் அங்கே பூவைவிட இலையில்தான் நிற்கும். கொடைக்கானலில் தாட்பூட் பழம் விற்பார்களே, அதே பேரினக் கொடிகளில்தான் ஹெலிகோனியஸ் என்ற பட்டாம்பூச்சிகள் முட்டையிடுகின்றன. முட்டை பொரிந்தால் இலை காலி. அதனால் சில கொடிகள் தம் இலையிலோ தண்டிலோ மஞ்சள் முட்டை போன்ற பொட்டுகளைத் தாமே வளர்த்துவைக்கின்றன. ‘இங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறது’ என்று தாய்ப்பூச்சி வேறு கொடி தேடிப் போய்விடும். இதை ஒரு முறை கண்ணால் பார்த்த பிள்ளைக்கு, ஒரு செடி போனால் ஒரு பூச்சி போகும் என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நம் வீட்டிலும் இதே கணக்குதான். கறிவேப்பிலை, எலுமிச்சை இலைகளில் பறவை எச்சம் போல் ஒட்டியிருக்கும் புழு, கறிவேப்பிலை அழகி அல்லது எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சியாக ஆகப்போவது. மருந்து அடிக்காதீர்கள், தின்றது போக மிச்சத்தில் ரசம் தாளியுங்கள்.