தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு கலரிங் புத்தகம்!

ராசிபுரத்தில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் வெண்ணந்தூர். இறங்கி இரண்டு தெரு நடந்தாலே விசைத்தறிச் சத்தம் கேட்கும். வெளியூர்க்காரர்களுக்கு அது இரைச்சல். உள்ளூர்க்காரர்களுக்கோ, சத்தம் நின்றால்தான் “கரன்ட் போயிருச்சா?” என்று கவலை வரும்.

என் அம்மாயி வீடு இங்கேதான். வருஷக்கணக்கில் தறிக்குத் தார் சுற்றியவர், முழங்கால் வலியால் போன வருடம் அதை நிறுத்திவிட்டார். வேலை நின்றதும் பேச்சும் குறைந்துபோனது. போனில் எப்போது கேட்டாலும், “சும்மாதான் உக்காந்திருக்கேன் கண்ணு” என்பார். அந்த ‘சும்மா’ என்னை என்னவோ செய்தது.

அதனால், பெரியவர்களுக்கான கலரிங் புத்தகம் ஒன்றை வாங்கிப் போனேன். 2013-ல் ஸ்காட்லாந்து ஓவியர் ஜொஹானா பாஸ்ஃபோர்டின் ‘சீக்ரெட் கார்டன்’ வெளிவந்த பிறகு உலகமெங்கும் சூடுபிடித்த பொழுதுபோக்கு இது. அவருடைய பூ, கொடிகளுக்குள் வண்டுகளும் பட்டாம்பூச்சிகளும் ஒளிந்திருக்கும். தேடிக்கொண்டே வண்ணம் தீட்டலாம்.

நான் வாங்கியதும் அதே பாணிப் புத்தகம்தான். ஆனால், சொதப்பிவிட்டேன். இலைகள் எல்லாம் கடுகளவு. “கோடே தெரியலியே கண்ணு” என்றார் அம்மாயி. ஸ்கெட்ச் பேனா மை ஊறி, பின்பக்கத்து ஆந்தையின் முகம் பச்சையாகிவிட்டது. “நல்ல புஸ்தகத்தைக் கெடுத்துட்டேனே” என்று மூடி வைத்துவிட்டார். தப்பு என்னுடையது, வருத்தம் அவருக்கு.

அடுத்த முறை சேலத்தில் கடையில் நின்று பிரித்துப் பார்த்தே வாங்கினேன். நீங்கள் வாங்கும்போதும் இவற்றைக் கவனியுங்கள்:

* கோடு: வயதானவர்களுக்கும் புதியவர்களுக்கும் தடித்த கோடும் அகலமான இடமும் உள்ள படங்களே நல்லது.

* தாள்: சாதாரண நோட்டுத் தாள் 60 ஜி.எஸ்.எம். அளவில் இருக்கும். கலர் பென்சிலுக்கே 100-க்கு மேல் இருந்தால் நல்லது. ஸ்கெட்ச் பேனா என்றால் இன்னும் தடிமன் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட புத்தகமாக இருந்தால் மை ஊறினாலும் அடுத்த படம் கெடாது.

* பைண்டிங்: மடியில் விரித்தால் தானாக மூடிக்கொள்ளக் கூடாது. ஸ்பைரல் வசதி.

* படம்: ஆன்லைனில் அட்டையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். உள்பக்க மாதிரிகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். அவசரத்தில் கம்ப்யூட்டர் உருவாக்கிய படங்களில் கைக்கு ஆறு விரல் இருக்கும். கோடு பாதியில் நிற்கும்.

புதுப் புத்தகத்தில் சட்டை போட்ட யானை, குடை பிடித்த மீன் என்று எல்லாமே குறும்புப் படங்கள். “யானைக்கு எதுக்குடா சட்டை?” என்று அம்மாயி சிரித்தார். பிறகு பென்சிலை எடுத்து அந்தச் சட்டையில் கட்டம் போட ஆரம்பித்தார். “பாவு சிவப்பு, ஊடை பச்சை” என்று முணுமுணுத்தபடி, இரண்டும் குறுக்கிடும் இடத்தில் மட்டும் ஒரு நிறத்தின் மேல் இன்னொன்றைத் தேய்த்தார். நெசவில் அந்த இடத்தில் நிறம் கலந்துதானே தெரியும்? எனக்கு இது தோன்றியே இருக்காது.

2005-ல் அமெரிக்காவில் 84 கல்லூரி மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. வெற்றுத்தாளில் இஷ்டம்போல் வண்ணம் தீட்டியவர்களைவிட, வட்டமான மண்டல வடிவத்துக்கோ கட்டம்போட்ட வடிவத்துக்கோ வண்ணம் தீட்டியவர்களுக்குப் பதற்றம் நன்றாகக் குறைந்தது. இது மருந்தல்ல, மனச்சோர்வு நீடித்தால் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஒன்று புரிகிறது. வெற்றுத்தாள் நம்மை மிரட்டும். யாரோ போட்டுவைத்த கோடு, “நீ நிறத்தை மட்டும் யோசி” என்கிறது.

அம்மாயிக்கு அந்த நிற யோசனை இருபது வயதிலேயே வந்துவிட்டது. ஆனால், அது எப்போதும் வேறு யாரோ கட்டப்போகும் துணிக்கான நிறம். இந்த யானைச் சட்டைக்கு ஆர்டர் கொடுத்தவர் யாரும் இல்லை, கூலியும் இல்லை. “தப்பாப் போனா யாரும் கேக்க மாட்டாங்கல்ல?” என்று ஒருமுறை உறுதிப்படுத்திக்கொண்டார்.

போன வாரம் போன் செய்தேன். வழக்கமான ‘சும்மாதான்’ வரவில்லை.

“அப்புறம் பேசறேன் கண்ணு. மீனுக்கு வால் மட்டும் பாக்கி!”