வாவலும் ரூப்சந்தும்

உப்பலில் குடியேறி ஆறு ஆண்டுகள் கடந்தும் நமது தெலுங்கு அரைகுறையே. அக்குறை சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று நம்மை நம் வீட்டிலேயே தலைகுனிய வைத்தது.

நாகப்பட்டினத்திலிருந்து அம்மா வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பிரியமான வாவல் மீன் வாங்கச் சந்தைக்குச் சென்றோம். தெலுங்கில் வாவலைச் 'சந்துவா' என்பர். மீன்காரர் 'ரூப்சந்த்' என்றார். 'சந்து' என்னும் ஒலி செவியில் விழுந்ததே போதுமென்று, வெள்ளி நிறத் தட்டை மீன்கள் இரண்டை வாங்கி வந்தோம். முன்பும் இருமுறை அவ்வாறே வாங்கிப் பிள்ளைகளுக்கு இட்டிருந்தோம்.

அம்மா மீனைப் புரட்டினார்கள். "வாவலுக்கு வயிற்றடியில் துடுப்பு ஏது தம்பி? வாலுக்கு முன்னால் இந்தச் சதைத் துடுப்பும் கிடையாதே" என்றார்கள். அடுத்த வீட்டு இளைஞர் எட்டிப் பார்த்து, "இது அமேசான் நதியின் பிரானா, ஆளைத் தின்னும்!" என்றார். இளைய மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இதையா குழந்தைகளுக்குப் போட்டாய்?" என்று அம்மா கேட்டபோது நமக்கு நா எழவில்லை.

கைப்பேசியில் பிரானாவின் படத்தை வைத்துக்கொண்டு மீனின் வாயைத் திறந்தோம். பிரானாவுக்குக் கூரிய முக்கோணப் பற்கள் ஒரே வரிசையில் இருக்கும். கீழ்த்தாடை துருத்தி நிற்கும். இதற்கோ மனிதரின் கடைவாய்ப் பற்கள் போன்ற மழுங்கிய பற்கள். மேல்தாடையில் இரண்டு வரிசை. ஆகவே இது செவ்வயிற்றுப் 'பாக்கு' (நமது வெற்றிலைப் பாக்கு அன்று). பிரானாவின் குடும்பமே, எனினும் வெள்ளக் காடுகளில் உதிரும் பழத்தையும் விதையையும் மென்று வாழ்வது. இளமையில் வயிறு சிவந்து பிரானா போலவே தோன்றும். 1818இல் கூவியே என்னும் பிரெஞ்சு அறிஞர் விவரித்த இவ்வினம், வங்கதேசம் வழியாக 2003-04 வாக்கில் இந்தியாவுக்கு வந்தது. இன்று ஆந்திரக் குளங்களில் வளர்கிறது. இதன் உறவான தம்பாக்கி மீனின் சதைத் துடுப்பில் முள்வரிகள் உண்டு, இதில் இல்லை.

மீன்காரர் பொய்யுரைக்கவில்லை. ரயில்வே பார்சல் அலுவலகத்தில் சீட்டைப் படியாமல் ஒரு பொதியையும் ஏற்காத நாம், பாதிப் பெயரைக் கேட்டு மீனை ஏற்றுக்கொண்டோம்.

அம்மா புளியைச் சற்றுக் கூட்டிக் குழம்பு வைத்தார்கள். முதற் கவளத்தைத் தாமே உண்டு, "கடல் வாசம் இல்லை, பயமும் இல்லை, சாப்பிடு கண்ணு" என்று பேத்திக்கு ஊட்டினார்கள்.

அன்பர்களே, வயிற்றடியைப் பார்த்த பின்னரே விலை பேசுங்கள்.