சமயப் பாடவேளை

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமில்லாதவர்கள் வாசியுங்கள்.

போன கிழமை ஒரு தங்கச்சி இன்பொக்ஸில் வந்தார். அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரியில் எனக்குப் பல வருடம் பிந்தியவர். இஸ்லாம் பாடத்துக்கு முதல் நியமனம் கிடைத்திருக்கிறது. இடம், ஒரு கத்தோலிக்கப் பெண்கள் பாடசாலை. "போகலாமா ராத்தா? ஊட்டுல எல்லாரும் ஒரு மாதிரிப் பாக்கிறாங்க" என்று கேட்டிருந்தார். "போங்க, ஒண்டும் யோசிக்காதீங்க" என்று ஒரே வரியில் பதில் போட்டுவிட்டேன். பிறகுதான் மனசு உறுத்தியது. நான் யோசிக்காமலா போனேன்?

2019ஆம் வருடம் நான் திருகோணமலை புனித மரியாள் கல்லூரியில் இஸ்லாம் படிப்பித்தேன். கத்தோலிக்கப் பாடசாலையில் இஸ்லாம் டீச்சருக்கு என்ன வேலை என்று இந்தியாவில் இருக்கும் முகநூல் நண்பர்கள் முன்பும் கேட்டிருக்கிறார்கள். 1960, 61ஆம் வருடச் சட்டங்களோடு எங்கள் நாட்டின் மிஷன் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பெடுத்தது. பெயரும் சுருவமும் காலைச் செபமும் அப்படியே இருந்தன. சம்பளமும் பாடத்திட்டமும் அரசினுடையதாகிவிட்டன. சாதாரண தரப் பரீட்சைக்குச் சமயம் கட்டாய பாடம், அதுவும் அவரவர் சமயம். ஆகவே முஸ்லிம் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் இஸ்லாம் படிப்பிக்க ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

சமயப் பாடவேளைக்கு மணி அடித்தால் வகுப்பு மூன்றாகப் பிரியும். சைவப் பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் செபமாலையை எடுத்துக்கொண்டு ஒரு பக்கம் போவார்கள். எங்கள் பிள்ளைகள் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் பின்னால் வருவார்கள். எங்களுக்கென்று நிரந்தர அறை இல்லை. எது காலியோ அது. ஒரு நாள் விஞ்ஞானகூடம், இன்னொரு நாள் படிக்கட்டுக்குப் பக்கத்தில். நாற்பது நிமிடத்தில் ஐந்து நிமிடம் இடம் தேடுவதிலேயே போய்விடும். பிறகு மணி அடித்தால் திரும்ப எல்லோரும் ஒரே வகுப்பு, பகிர்ந்து சாப்பிடுகிற ஒரே சாப்பாட்டுப் பெட்டி.

ஜனவரியில் மாணவத் தலைவிகளுக்குச் சின்னம் சூட்டினார்கள். அதில் தரம் 11இல் என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளையும் இருந்தாள். ஜமாலியாப் பக்கத்துப் பிள்ளை, நல்ல குரல், யாருக்கும் பயப்படாத முகம். சின்னம் கிடைத்த மறுவாரமே என்னிடம் வந்து நின்றாள்.

"டீச்சர், அடுத்த கிழமை காலைக்கூட்டம் நடத்த என்ட முறை. முதல்ல செபம் இரிக்கி. நான் சொல்லலாமா?"

நான் இஸ்லாம் டீச்சர். உடனே பதில் சொல்லாவிட்டால் மரியாதை என்னாவது? "அந்தக் கிழமை லீவு எடு மகள்" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை வரவில்லை. காய்ச்சல் என்று கடிதம் கொண்டு வந்தாள். அந்தப் பொய்யை எழுதப் படிப்பித்தவள் நான்தான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போது யோசித்தால், மார்க்கத்தைவிட வேறொன்றும் அதில் இருந்தது. அதற்கு முந்திய வருடம்தான் எங்கள் நகரத்தில் ஆசிரியைகளின் அபாயா பெரிய பிரச்சினையாகி, நாடு முழுக்கப் பேசப்பட்டிருந்தது. எந்தப் பாடசாலைப் படியேறினாலும் ஒரு வழக்குக்குப் போகிற மாதிரித்தான் ஏறினோம். கேட்டால் இல்லை என்பார்கள் என்று நாங்களே தீர்மானித்து, கேட்காமலே இருந்துவிடுவது பழகிப் போயிருந்தது.

ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு ஹோட்டல்கள். 260க்கும் மேற்பட்ட உயிர்கள். மட்டக்களப்பில் ஞாயிறு மறைப்பள்ளிக்கு வந்த சின்னப் பிள்ளைகள். செய்தவர்களின் பெயர்களைத் தொலைக்காட்சியில் வாசித்தபோது கிண்ணியாவில் எங்கள் வீட்டில் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. எங்கள் பெயர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் வைக்கும் பெயர்கள்.

இரண்டாம் தவணை பிந்தி, தரம் 6க்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு மே 6இல் தொடங்கியது. "இடமாற்றம் கேளு மகள், அங்க போகாத" என்றார் வாப்பா. பாலம் வருவதற்கு முன் பாதையில் கிண்ணியா ஆற்றைக் கடந்து டவுனில் வியாபாரம் செய்தவர். அங்கே பாதிப் பேர் அவருக்குச் சிநேகிதர்கள். அவரே சொன்னார். நான் போனேன். தைரியத்தினால் என்று எழுத ஆசைதான். உண்மையில், போகாவிட்டால் பிறகு எப்போதுமே போக முடியாது என்ற பயம்.

பஸ்ஸில் என் பக்கத்து சீட் டவுன் வரைக்கும் காலியாகவே வந்தது. கேற்றில் பொலிஸ், ஆமி, முறை போட்டுக் காவல் நின்ற பெற்றோர். பைகளைத் திறந்து பார்த்தார்கள். நான் முகம் மூடுகிறவள் இல்லை. இருந்தாலும் என் பையை இரண்டு தரம் பார்த்தார்கள். பார்க்கட்டும், அவர்களுடைய பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தெருவில் நின்ற மான்களை மட்டும் யாரும் சோதிக்கவில்லை.

அந்த வாரக் காலைக்கூட்டம் வெளியில் நடக்கவில்லை. பிள்ளைகள் வகுப்புகளில் இருக்க, ஒலிபெருக்கியில்தான். வந்திருந்ததே கொஞ்சப் பிள்ளைகள். ஆசிரியர் அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். ஒலிபெருக்கியில் வந்த குரலைக் கேட்டதும் எழுந்துவிட்டேன். அவளுடைய குரல். முறைக்குரிய பிள்ளை வரவில்லை, இவள் போய் மைக்கைப் பிடித்திருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை.

"இறந்தவர்களுக்காக எழுந்து நிற்போம். ஒரு நிமிடம். அவரவருக்குத் தெரிந்தபடி."

ஒரு நிமிடம் ஒலிபெருக்கி இரைந்துகொண்டே இருந்தது. பிறகு அதே மைக்கில் வயதான ஒரு சிஸ்டருடைய குரல், "பிதா, சுதன்..." என்று தொடங்கியது. அவரும் பக்கத்தில்தான் நின்றிருக்கிறார். செபம் முடிந்ததும் திரும்ப அவள் குரல், அன்றைய அறிவித்தல்களை வாசித்தது. பைகள் பாரமில்லாமல் இருக்கட்டும், குடிக்கத் தண்ணீர் கொண்டு வாருங்கள் என்று.

இடைவேளையில் சிஸ்டரைத் தேடிப் போய், ஜனவரியில் நடந்ததைச் சொன்னேன். காய்ச்சல் கடிதம் வரைக்கும். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"செபத்த அவதான் சொல்லோணும் எண்டு ஆர் டீச்சர் சொன்னது? பக்கத்தில நிக்கிற பிள்ளை சொல்லும். நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே." பிறகு, "நாங்களும் சொல்லியிருக்கலாம்தான்" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். ஐந்து நாள் லீவு, ஒரு பொய்க் கடிதம், ஒரு பிள்ளையின் மனதில் விழுந்த கீறல். எல்லாம் கேட்கப்படாத ஒரு கேள்விக்காக.

அந்த வாரமே நோன்பும் தொடங்கியது. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறை, எங்களுக்கு இல்லை. மே மாதம் கத்தோலிக்கருக்கு மாதா வணக்க மாதம் என்பது எனக்கு அந்த வருடம்தான் தெரியும். பக்கத்து அறையில் செபமாலை. இந்தப் பக்கம் நாக்கு வறண்ட பதினொரு பிள்ளைகளோடு நான். தரம் 8க்கு அன்று அபிசீனியா ஹிஜ்ரத் பாடம். மக்காவில் இருக்க முடியாமல் போன முஸ்லிம்கள் கடல் கடந்து ஒரு கிறிஸ்தவ மன்னரிடம் அடைக்கலம் கேட்கிறார்கள். திருப்பி அனுப்பச் சொல்லிக் குறைஷிகள் பரிசுகளோடு பின்னால் வருகிறார்கள். மன்னர் விசாரிக்கிறார். ஜஃபர் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் சூறா மர்யமில் இருந்து ஓத, நஜ்ஜாஷி மன்னர் தாடி நனைய அழுகிறார். எத்தனையோ தரம் படிப்பித்த பாடம். மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் பெயரைத் தாங்கிய கட்டடத்துக்குள் இருந்து, அந்த மே மாதத்தில் சொல்லும்போது எனக்குக் குரல் வரவில்லை.

பின்வாங்கில் இருந்த சின்னவள் கையை உயர்த்தினாள். "டீச்சர், அந்த ராஜா இப்ப இருந்தா நம்மள உள்ள எடுப்பாரா?"

கல்வியியற் கல்லூரியில் மூன்று வருடம் படித்தேன். எந்தக் கேள்விக்கும் மாணவரிடமே திருப்பிக் கேள்வி கேட்கலாம் என்று சொல்லித் தந்தார்கள். அன்று அதையும் செய்ய முடியவில்லை. மணி அடித்தது. பிள்ளைகள் புத்தகங்களை எடுத்துக்கொண்டு தங்கள் வகுப்புக்குப் போனார்கள். கேள்வி கேட்டவளுக்குப் பக்கத்து அறையில் இருந்து வந்த சிநேகிதி வாசலில் காத்து நின்றாள். இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு ஓடினார்கள். அதைப் பதில் என்று சொல்ல மாட்டேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

எல்லாம் சுகமாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். சில பெற்றோர் அந்த வருடம் முழுக்க எனக்குச் சலாம் போலத் தலையசைப்பதை நிறுத்தியிருந்தார்கள். அது அவர்களுடைய துக்கம். அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வருட இறுதியில் ஒளி விழா. பாலன் குடில், கரோல், வெள்ளை உடுப்பில் சம்மனசுகளாகச் சின்னப் பிள்ளைகள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் இருக்க வேண்டிய எங்கள் மாணவத் தலைவி, கதிரை அடுக்க வந்துவிட்டாள். சிஸ்டர் கேக் தட்டோடு நேரே என்னிடம் வந்து, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "வைன், பிராண்டி ஒண்டும் போடேல்ல டீச்சர். நானே நிண்டு பாத்தனான்" என்றார். இந்தத் தரம் அவர் முந்திக்கொண்டார்.

அந்தப் பிள்ளை இப்போது தானும் ஆசிரியையாகப் போகிறாள். போன மாதம் ஃபோனில் பேசும்போது ஜனவரிக் கடிதத்தைப் பற்றி மன்னிப்புக் கேட்டேன். "எந்தக் கடிதம் டீச்சர்?" என்றாள். மறந்துவிட்டாளா, எனக்காக மறந்தாளா தெரியாது.

தங்கச்சி, நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். இன்பொக்ஸில் அவசரத்தில் போட்ட அந்த வரியை அழித்துவிடுங்கள். யோசித்துவிட்டே போங்கள். போன முதல் நாளே அதிபரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: எங்கள் பிள்ளைகளின் முறை வந்தால் காலைச் செபத்தை யார் சொல்வது, லுஹருக்கு எங்கே தொழுவது, சமயப் பாடவேளைக்கு எந்த அறை. முடிந்தால் ஃபேன் இருக்கிற அறையாகக் கேளுங்கள். நோன்பு காலத்தில் உதவும்.